மாத்திரை எழுதினதுக்கு அப்புறம் யாரு திரும்பி வர்றாங்க? 73 வயசு அம்மாவோட டிப்ரஷன், ஒரு நிகழ்வு ஆய்வு

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இது ஒரே ஒரு ஆளோட கதை இல்ல. எங்க டீம் பாத்த சில பேரோட விவரங்கள கலந்து, யாருன்னு கண்டுபிடிக்க முடியாதபடி மாத்தி, ஒரே ஆளா எழுதிருக்கேன். ஆனா இதுல வர்ற சிகிச்சை முடிவுகள் எல்லாம் இந்த மாதிரி கேஸ்ல நாங்க நிஜமாவே எடுக்கறதுதான். நான் டாக்டர் இல்ல, கேர் மேனேஜர். நோயாளி, அவங்க வீட்டு ஆளுங்க, குடும்ப டாக்டர், சைக்யாட்ரிஸ்ட், இந்த நாலு பேருக்கும் நடுவுல போயிட்டு வந்துட்டு இருக்கறதுதான் என் வேலை.

இந்த கேஸ எழுதணும்னு தோணினதுக்கு காரணம், வயசானவங்க டிப்ரஷனுக்கு மருந்தே இல்லாத மாதிரியும் அது வயசோட வர்றதுதான்ங்கற மாதிரியும் இன்னும் பேசிட்டு இருக்கோம். மருந்து இருக்கு, பேச்சு சிகிச்சை இருக்கு, ரெண்டும் இந்த வயசுலயும் வேலை செய்யுது. மாத்திரை எழுதின அடுத்த வாரம் "எப்படி இருக்கீங்க, ஏதாச்சும் மாறிச்சா, இல்ல மோசமாச்சா" னு போய் கேக்க ஒரு ஆள் இல்லாததுதான் பெரிய ஓட்டை.

எங்ககிட்ட வந்தப்போ

73 வயசு, ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவங்க. கணவர் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் படுக்கையில இருந்து 14 மாசத்துக்கு முன்னாடி இறந்துட்டாரு, அந்த ரெண்டு வருஷமும் பாத்துக்கிட்டது இவங்கதான். இப்போ தனியா இருக்காங்க, மகன் பக்கத்துலயே, மகள் வேற ஊர்ல. சுகர், பிபி, ரெண்டு முழங்கால்லயும் தேய்மானம். சுகருக்கு பல வருஷமா மெட்ஃபார்மின், பிபிக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, கால் வலிக்கு அப்பப்போ வலி மாத்திரை, தூங்கறதுக்கு அல்பிரசோலம் 0.5 மி.கி., இது எப்போ யாரு ஆரம்பிச்சதுன்னே யாருக்கும் தெரியல.

எனக்கு மனசு சரியில்லன்னு சொல்லிட்டு அவங்க வரல. ஒடம்பு பூரா வலி, வயித்துல எரிச்சல், ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துட்டா அப்புறம் தூக்கமே இல்ல, வாய்க்கு எதுவும் பிடிக்கல, நாலு மாசத்துல 5 கிலோ எடை கொறஞ்சிருக்கு. இதுக்கு ஸ்கேன் எடுத்தாச்சு, எண்டோஸ்கோப்பி பாத்தாச்சு, எல்லாம் நார்மல். மகனுக்கு வேற ஒரு பயம், அம்மா அடுப்ப அணைக்க மறக்கறாங்க, கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க, இது மறதி நோயோட ஆரம்பமோன்னு. குடும்ப டாக்டர் ஒருத்தர் நிதானமா உக்காந்து கேட்டதுல "நான் எல்லாருக்கும் பாரம் சார்" னு ஒரு வார்த்தை வந்துச்சு, அத பிடிச்சுக்கிட்டுதான் எங்களுக்கு அனுப்பினாரு.

முதல் தடவை வீட்டுக்குதான் போனேன். வீட்டுக்கு போறதுக்கு காரணம் வசதி மட்டும் இல்ல, கிளினிக்ல தெரியாத பல விஷயம் வீட்டுல ஒரு பார்வையில தெரியும். ஜன்னல் எல்லாம் மூடி இருந்துச்சு, காலண்டர் பல மாசம் பின்னாடியே நின்னுச்சு, ஹியரிங் எய்டு அலமாரியில பெட்டியோட கெடந்துச்சு. பதில் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு மகன் சொன்னதுல பாதி காரணம் அங்கயே கெடந்துச்சு: பேட்டரி தீர்ந்து போயிருக்கு, காதுக்குள்ள குறும்பி அடைச்சிருக்கு. அத மொதல்ல சரி பண்ணாம எந்த கேள்வித்தாளும் வைக்கறதில்லன்னு முடிவு பண்ணோம், காது கேக்காதவங்ககிட்ட கேள்வி கேட்டு மார்க் போட்டா அது காதுக்கு போட்ட மார்க்தான்.

அளந்து பாத்தது

காது சரியானப்புறம் ரெண்டு அளவுகோல் வெச்சோம். பிஎச்க்யூ-9ங்கற டிப்ரஷன் கேள்வித்தாள்ல 27க்கு 17, மார்க் கூடினா டிப்ரஷன் அதிகம்னு அர்த்தம். ஆனா அதுல தூக்கம், பசி, அசதின்னு கேள்விகள் வரும், சுகரும் மூட்டு வலியும் இருக்கறவங்களுக்கு அதுல எல்லாம் எப்படியும் மார்க் ஏறிடும். அதனால ஜிடிஎஸ்-15ம் சேர்த்து வெச்சோம், முதியோருக்காகவே செஞ்ச அளவுகோல் அது, ஆமா இல்ல பதில்தான், ஒடம்பு தொந்தரவ பத்தி அநேகமா கேக்காது, வாழ்க்கை வெறுமையா இருக்கா, வெளிய போறதவிட வீட்டுலயே இருக்க தோணுதா, இந்த மாதிரி கேக்கும். 5க்கு மேல போனா யோசிக்கணும், இவங்களுக்கு 11.

துக்கமா டிப்ரஷனாங்கற கேள்வி கண்டிப்பா வரும், கணவர் போன வீடு. துக்கம் அலை மாதிரி வரும் போகும், நடுவுல பேரப்பிள்ளை பேசினா சிரிப்பும் வரும், ஏக்கம் எல்லாம் போன ஆள பத்தியே இருக்கும். இவங்களுக்கு அப்படி இல்ல, நாள் பூரா ஒரே மாதிரி பாரம், எதுலயும் சந்தோஷம் இல்ல, தான் எதுக்குமே லாயக்கில்லன்னு ஒரு எண்ணம். நீடிச்ச துக்கம்ன்னு தனியா ஒரு நோய் வகையும் இருக்கு, உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11 அதுக்கு 6 மாசம்னு வெக்குது, அமெரிக்க மனநல சங்கத்தோட கையேடு 12 மாசம்னு வெக்குது. சைக்யாட்ரிஸ்ட் ரெண்டையும் பாத்துட்டு, இது டிப்ரஷன்தான், கூட துக்கமும் இருக்குன்னு எழுதினாரு.

ரத்தப் பரிசோதனையில தைராய்டு சரியா இருந்துச்சு, வைட்டமின் பி12 கொறைவா இருந்துச்சு. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா எடுக்கறவங்களுக்கு பி12 குறையறது தெரிஞ்ச விஷயம்தான், ஆனா மனசு சரியில்லன்னு வர்ற வயசானவங்களுக்கு அத பாக்கணும்னு நெறைய எடத்துல தோணறதில்ல. ஊசி ஆரம்பிச்சாங்க. ஞாபகசக்தி டெஸ்ட்ல, மோகான்னு சொல்லுவோம், 30க்கு 21, இதுல மார்க் கூடினாதான் நல்லது. அத வெச்சு மறதி நோய்னு முத்திரை குத்தல, மனசு தெளிஞ்சப்புறம் திரும்ப பாக்கறதுன்னு தள்ளி வெச்சாச்சு.

அப்புறம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. தற்கொலை பத்தி கேட்டா அந்த எண்ணத்த நாமளே விதைச்சிடுவோமோன்னு வீட்டு ஆளுங்க மட்டும் இல்ல, சில டாக்டருங்களே தயங்கறாங்க. கேக்கறதால எண்ணம் வராது, இருக்கற எண்ணம் வெளிய வர ஒரு வழி கெடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட 2019 கணக்குப்படி உலகத்துல தற்கொலையில இறக்கறவங்கள்ல நாலுல ஒரு பங்குக்கு மேல 60 வயசு தாண்டினவங்க, அதனால இந்த வயசுல கேக்காம விடறதுக்கு எந்த நியாயமும் இல்ல. நான் படிப்படியாதான் கேப்பேன்: வாழ்ந்தது போதும்னு தோணுதாம்மா? காலைல கண்ணு முழிக்காம போனா தேவலன்னு இருக்கா? நீங்களே ஏதாச்சும் பண்ணிக்கலாம்னு நெனச்சிருக்கீங்களா? முதல் ரெண்டுக்கும் ஆமான்னாங்க. மூணாவதுக்கு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நெனச்சிருக்கேன் கண்ணு, ஆனா புள்ளைங்களுக்கு கெட்ட பேரு வரும்" னாங்க. திட்டம் எதுவும் இல்ல. ஆனா வீட்டுல பழைய தூக்க மாத்திரை நெறைய மிச்சம் சேர்ந்திருந்துச்சு.

அன்னிக்கே, அவங்க சம்மதத்தோட, மிச்ச மாத்திரை எல்லாம் வீட்ட விட்டு போச்சு. இனிமே ஒரு வாரத்துக்கு மட்டும்தான் மருந்து கைக்கு வரும்னு மருந்துக்கடையில பேசியாச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு பாரம் ஏறினா என்ன பண்ணணும், யாருக்கு போன் பண்ணணும், எந்த நம்பருன்னு அவங்க கையெழுத்துலயே எழுத வெச்சு கட்டில் பக்கத்துல ஒட்டினோம். மகள்கிட்ட சொல்லலாமான்னு கேட்டேன், யோசிச்சு சரின்னாங்க. மகள் தெனமும் ராத்திரி போன் பண்றதுன்னு ஏற்பாடு.

மருந்து, அப்புறம் நடந்த தள்ளாட்டம்

டிப்ரஷனுக்கான செர்ட்ரலின் மாத்திரைய 25 மி.கி.ல ஆரம்பிச்சாரு டாக்டர். வயசானவங்களுக்கு கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும், ஆனா பாதியில நிக்காம சரியான அளவுக்கு கொண்டுபோகணும், இந்த ரெண்டாவது பாதிய பல பேரு மறந்துடறாங்க. இந்த வகை மாத்திரையோட வலி மாத்திரையும் சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்ங்கறதால முழங்காலுக்கு தடவற ஜெல்லும் தொடை தசைக்கான உடற்பயிற்சியும்னு மாத்தினாரு. ரெண்டு வாரத்துல ரத்தத்துல சோடியம் அளவு பாக்கணும்னும் எழுதியிருந்தாரு.

ஒம்பதாவது நாள் எங்க சமூக ஊழியர் வீட்டுக்கு போனாங்க. அவங்க நர்ஸ் இல்ல, பயிற்சி எடுத்த சாதாரண படிப்பு படிச்சவங்க. அம்மா கதவ தொறந்துட்டு திரும்பி நடக்கும்போது சுவத்த பிடிச்சுக்கிட்டு போனாங்களாம், போன வாரம் அப்படி நடக்கலையே, பேச்சும் கொஞ்சம் மந்தமா இருக்கேன்னு உடனே எனக்கு போன். அன்னிக்கு சாயங்காலமே டெஸ்ட், ஆரம்பத்துல 136 இருந்த சோடியம் 128க்கு வந்திருந்துச்சு, சோடியம் இப்படி குறைஞ்சா தள்ளாட்டமும் மந்தமும் வரும். பிபிக்கு எடுத்துட்டு இருந்த தயசைடு மாத்திரையும் சோடியத்த குறைக்கும், செர்ட்ரலின் வகையும் குறைக்கும், வயசான பெண்களுக்கு ரெண்டும் சேர்ந்தா இது நல்லாவே தெரிஞ்ச ஆபத்து. ஆஸ்பத்திரியில வெச்சு பாத்தாங்க, ரெண்டு மாத்திரையும் நிறுத்தி பிபிக்கு வேற குடுத்தாங்க, சோடியம் மேல வந்தப்புறம் ராத்திரி டிப்ரஷனுக்கான வேற மாத்திரை, மிர்டாஸபின் 7.5 மி.கி., அப்புறம் 15. தூக்கமும் பசியும் இல்லாம எடை குறைஞ்சவங்களுக்கு அது பொருத்தமும்கூட, ஆனாலும் சோடியம் பாக்கறத விடல.

இந்த இடத்துல நான் கொஞ்சம் நின்னு சொல்லணும். அந்த ஊழியர் அன்னிக்கு போகலன்னா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சு பாருங்க, வயசாச்சு தள்ளாடறாங்கன்னு வீட்டுல விட்டிருப்பாங்க, கீழ விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கலாம், இல்ல மாத்திரை ஒத்துக்கலன்னு அவங்களே நிறுத்திட்டு மறுபடியும் யாருகிட்டயும் போகாம இருந்திருப்பாங்க. போன வாரம் இவங்க எப்படி நடந்தாங்கன்னு தெரிஞ்ச ஒருத்தர் இந்த வாரமும் போய் பாத்ததுதான் இங்க வேலை செஞ்சது, அதுக்கு பெரிய படிப்பு வேண்டியிருக்கல.

இது எங்க ஆசை மட்டும் இல்ல, ஆராய்ச்சியும் இதத்தான் சொல்லுது. அமெரிக்காவுல இம்பாக்ட்னு ஒரு பெரிய ஆய்வு, 2002ல வெளிவந்துச்சு, 60 வயசுக்கு மேல 1801 பேரு, 18 கிளினிக். ஒரு பகுதிக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொரு பகுதிக்கு அதே கிளினிக்ல ஒரு கேர் மேனேஜர், அவங்க தொடர்ந்து அளந்து பாத்து, சரியாகலன்னா சைக்யாட்ரிஸ்ட்கிட்ட பேசி சிகிச்சைய மாத்த வைப்பாங்க. ஒரு வருஷத்துல அறிகுறி பாதியா குறைஞ்சவங்க வழக்கமான சிகிச்சையில 19 சதவீதம், கேர் மேனேஜர் இருந்த பக்கம் 45 சதவீதம். ரெண்டு பக்கமும் மருந்து எழுத டாக்டர் இருந்தாங்கங்கறத கவனிக்கணும். 45 சதவீதம்னா பாதிக்கு மேல அந்த அளவுக்கு வரலங்கறதும் உண்மைதான், அத மறைக்க எனக்கு இஷ்டம் இல்ல.

பேச்சும் வேலையும்

மாத்திரையோட சேர்த்து ரெண்டு விஷயம் பண்ணோம், ஒண்ணு செயல்பாட்ட கொஞ்சம் கொஞ்சமா கூட்டறது, இன்னொண்ணு பிரச்சனை தீர்க்கற சிகிச்சை. அமெரிக்காவுல சியாட்டில்ல பேர்ல்ஸ்னு ஒரு ஆய்வு 2004ல வந்துச்சு, வீட்டுக்கே போய் 8 தடவை 50 நிமிஷம் இதே மாதிரி பண்ணாங்க, லேசான, இல்லன்னா நாள்பட்ட டிப்ரஷன் இருந்த 138 முதியவங்க, ஒரு வருஷத்துல அறிகுறி பாதியா குறைஞ்சவங்க 43 சதவீதம், அப்படி பண்ணாதவங்கள்ல 15. எங்க முறைக்கு அதுதான் முன்மாதிரி.

செயல்பாடுன்னா யோகா கிளாஸுக்கு போங்க, வாக்கிங் போங்கன்னு லிஸ்ட் குடுக்கறது இல்ல. மனசு சரியானதும் பண்றேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, டிப்ரஷன்ல அந்த மனசு தானா வராது, பண்ண ஆரம்பிச்சப்புறம்தான் மெதுவா வரும். அதனால முதல் வாரம் கேட்டது ஒண்ணே ஒண்ணு, காலைல எட்டு மணிக்கு ஜன்னல தொறந்து அங்க பத்து நிமிஷம் உக்காரணும், அவ்வளவுதான். முதல் வாரம் சில நாள் பண்ணாங்க, சில நாள் இல்ல. பண்ணாத நாள பத்தி திட்டல, எது தடுத்துச்சுன்னு கேட்டோம், ராத்திரி தூங்காத நாளெல்லாம் காலைல எந்திரிக்க முடியல. சரி, அந்த நாள்ல எட்டு வேண்டாம், பத்துன்னு மாத்தினோம்.

பிரச்சனை தீர்க்கறதுல எனக்கே ஆச்சரியமான ஒண்ணு வெளிய வந்துச்சு. எது உங்கள ரொம்ப அழுத்துதுன்னு கேட்டா வலி, தனிமைன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அவங்க சொன்னது கணவரோட பென்ஷன இவங்க பேருக்கு மாத்தற பேப்பர். 14 மாசமா அந்த ஃபைல் கட்டிலுக்கு அடியில இருக்கு, ஒரு ஆபீஸ்ல ஒரு சான்றிதழ் கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் அத தொடவே கை வரல. ஊர் கணக்கெல்லாம் எழுதினவ என் பேப்பர முடிக்க முடியலையேன்னு அதுலயே தன்ன மட்டமா நெனச்சிருக்காங்க. துண்டு துண்டா பிரிச்சோம். முதல் துண்டு, ஃபைல வெளிய எடுத்து மேசையில வெக்கறது. ரெண்டாவது, எந்த பேப்பர் இருக்கு எது இல்லன்னு அவங்களே எழுதறது. மூணாவது, மகன் கூட போய் அந்த ஒரே சான்றிதழ வாங்கறது. நாங்க யாரும் அவங்களுக்காக ஃபாரம் நிரப்பல, நிரப்பியிருந்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும், ஆனா அவங்களுக்கு எதுவும் மாறியிருக்காது.

கோவாவுல முதியவங்களுக்காக நடந்த தடுப்பு ஆய்வுலயும் இந்த மாதிரி உதவி இருந்துச்சு, 2019ல வெளியானது. முழு டிப்ரஷனுக்கு இன்னும் போகாத, ஆரம்ப அறிகுறி இருந்த 181 பேரு, 60 வயசும் அதுக்கு மேலயும். பயிற்சி எடுத்த சாதாரண ஆலோசகர்கள்தான் பேசினாங்க. பிரச்சனை தீர்க்கறது, தூக்கத்துக்கான பழக்கம், சுகர் மாதிரி ஒடம்பு நோய பாத்துக்கறது, கூடவே அரசு உதவித் திட்டங்கள வாங்கித்தர உதவி. ஒரு வருஷத்துல டிப்ரஷன் வந்தவங்க இந்த உதவி கெடைச்ச பக்கம் 4.4 சதவீதம், வழக்கமான கவனிப்புல 14.4. பென்ஷன் பேப்பரும் மனநல சிகிச்சையோட பகுதின்னு யாராச்சும் நம்பலன்னா இத காட்டுவேன்.

முதியோர் குழுவுக்கு அனுப்பினது முதல்ல சரிவரல. பெரிய ஹால், மைக் எதிரொலி, ஹியரிங் எய்டுல எல்லா சத்தமும் கலந்து கேக்குது, வந்து "எனக்கு அங்க ஒண்ணும் புரியல, இனிமே கூப்பிடாத" ன்னுட்டாங்க. சமூக சிகிச்சைன்னா கூட்டத்துல கொண்டு உக்கார வெக்கறதுன்னு நெனக்கறவங்க நெறைய, கூட்டத்துல தனியா இருக்கறது வீட்டுல தனியா இருக்கறதவிட மோசமா இருக்கலாம். அதனால முதல்ல ஒரே ஒரு தன்னார்வலர், இவங்க வயசு அம்மாதான், வாரம் ஒரு நாள் வீட்டுக்கு. அப்புறம் நாலஞ்சு பேரு உக்கார்ற சின்ன அறை. அங்கதான் குழுவோட வரவு செலவு நோட்ட யாரோ கையில குடுத்திருக்காங்க, இவங்க பாத்துட்டு போன மாச கூட்டல் தப்புன்னு சொல்லிட்டாங்க. நெஜமாவே தப்பு. அன்னிலேர்ந்து நோட்டு இவங்க கையில. ஆப்பிரிக்காவுல ஜிம்பாப்வேல 2006லேர்ந்து நடக்கற ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்ங்கற திட்டத்துல பாட்டிமாருங்கதான் மத்தவங்களுக்கு ஆறுதல் சிகிச்சை குடுக்கறாங்க, வயசானவங்களுக்கு வாங்கறதவிட குடுக்கறதுல ஒரு மருந்து இருக்குன்னு நான் ஆழமா நம்பறேன்.

மகன்கிட்டயும் பேச வேண்டியிருந்துச்சு. நல்ல புள்ளதான், ஆனா பாக்கும்போதெல்லாம் "தைரியமா இரும்மா, உனக்கு என்ன கொறை" ம்பாரு. அது அவங்க காதுல, உனக்கு இந்த கஷ்டம் இருக்கவே கூடாதுன்னுதான் விழுது. அதுக்கு பதிலா வந்து பக்கத்துல உக்காருங்க, இன்னிக்கு ஜன்னல் தொறந்தீங்களான்னு கேளுங்க, போதும்னோம்.

எங்க நிக்குது

பிஎச்க்யூ-9 மூணாவது வாரம் 16, எட்டாவது வாரம் 12, மூணு மாசத்துல 8, ஆறு மாசத்துல 4. எட்டாவது வாரம் 12ல நின்னப்போ வாராந்திர கேஸ் மீட்டிங்ல இவங்க பேரு மேல வந்துச்சு, பாதியாவது குறையாதவங்கள தனியா எடுத்து பேசறது எங்க பழக்கம். மிர்டாஸபின ஏத்தறதா காத்திருக்கறதான்னு பேசி 22.5க்கு போனாங்க. ஆறு மாசத்துல மோகா 25 ஆச்சு. மகனுக்கு நிம்மதி, ஆனா முதுமையில டிப்ரஷன் வந்தவங்களுக்கு பின்னாடி மறதி நோய் வர வாய்ப்பு கூடுதலா பாக்கப்படுதுங்கறதால வருஷா வருஷம் டெஸ்ட் திரும்ப வெக்கணும்னு அவர்கிட்ட சொல்லிட்டோம்.

எது குணமாக்குச்சு, மாத்திரையா பி12 ஊசியா காது மெஷினா பென்ஷன் பேப்பரான்னு கேட்டா பிரிச்சு சொல்ல முடியாது. ஒரு கேஸ்ல அத பிரிக்க முடியாது, பிரிக்க வேண்டிய அவசியமும் அந்த அம்மாவுக்கு இல்ல.

எல்லாருக்கும் இந்த வழி போதும்னும் சொல்ல மாட்டேன். சாப்பாடு தண்ணிய நிறுத்தினவங்க, என் ஒடம்பு உள்ள அழுகிடுச்சு, நான் பாவம் பண்ணவன்னு பிரமையோட பேசறவங்க, சாகறதுக்கு திட்டம் வெச்சிருக்கறவங்க, இவங்கள வீட்டுல வெச்சு பாக்கக்கூடாது, ஆஸ்பத்திரிதான். பிரமையோட வர்ற முதியோர் டிப்ரஷனுக்கு மின்னதிர்வு சிகிச்சை நல்லா வேலை செய்யுது, ஷாக்னு பயந்து அத தள்ளிப்போடறதுல நல்ல உயிர்கள் போகுது.

ஏழாவது மாசம் படியில கால் பெரண்டு நாலு வாரம் வெளிய போக முடியல, பிஎச்க்யூ-9 மார்க் 9க்கு ஏறிச்சு. மறுபடி மனசு எறங்கினா முதல்ல எது மாறும்னு அவங்ககிட்டயே முன்னாடி எழுதி வாங்கியிருந்தோம், ஜன்னல் தொறக்காம விடறதுதான்னு எழுதியிருந்தாங்க. தன்னார்வலர் அம்மா அத பாத்துட்டு சொன்னாங்க, குழு இவங்க வீட்டுலயே ரெண்டு தடவை கூடுச்சு, நோட்டும் கூடவே வந்துச்சு, அடுத்த மாசம் மார்க் 5.

மிர்டாஸபின் குணமானதுலேர்ந்து குறைஞ்சது ஒரு வருஷம் தொடரும். அல்பிரசோலத்த சடார்னு நிறுத்தினா ஆபத்து, அதனால கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு இப்போ பாதி அளவுல இருக்காங்க, மீதியும் அதே வேகத்துலதான் போகும். பென்ஷன் வர ஆரம்பிச்சிடுச்சு. சோடியம், பி12, எடை மூணையும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கறோம், வீட்டுக்கு போறது இப்போ மாசம் ஒரு தடவையா குறைஞ்சிருக்கு, நடுவுல போன்.